விழப் பழகுதல்

விபத்துச் செய்திகளில் 'பயிற்சியின்போது' என்றொரு சொல் வரும். வாசிப்பவர் கண் பெரும்பாலும் அதன்மேல் நிற்பதில்லை. பயிற்சியின்போது ஹெலிகாப்டர் விபத்து, பயிற்றுநரும் மாணவரும் காயம் என்று இரண்டு பத்திகளில் முடிந்துவிடும் செய்தி அது. அதில் பயணிகள் இருக்க மாட்டார்கள். பெரிய பெயர்கள் இருக்காது. மறுநாள் தொடர்ச்சியும் வராது. ஆயினும் அச்செய்தியை முழுவதும் வாசித்தால் சில வேளைகளில் இன்னொரு தொடர் தென்படும்: 'அவசரத் தரையிறக்கத்தைப் பழகிக்கொண்டிருந்தபோது'. உயிரைக் காப்பதற்கென்றே வகுக்கப்பட்ட ஒரு பயிற்சி, காக்க வேண்டிய உயிருக்கே ஊறு செய்திருக்கிறது என்பதை அத்தொடர் எவ்வித உணர்ச்சியும் இன்றிச் சொல்லிவிட்டுப் போகிறது. இந்த முரணைப் பற்றிச் சில காலமாக நாம் யோசித்து வருகிறோம். யோசித்தவற்றை இங்கு நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு ஹெலிகாப்டரோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாம் பணியாற்றும் கல்லூரி அரக்கோணத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. அங்கே 1992-இல் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமான தளத்தில்தான் இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். நற்றிணை நடத்திக்கொண்டிருக்கும் வேளையில் சன்னலுக்கு வெளியே அந்த ஒலி எழும். கடைசி வரிசை மாணவர்களின் தலைகள் திரும்பும். ஒலி தேயும்வரை காத்திருந்து, விட்ட அடியிலிருந்து தொடர்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இதைவிட நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறோம்.

ஈழத் தமிழர் ஹெலிகாப்டரை 'உலங்கு வானூர்தி' என்பர். உலங்கு என்பது பெருங்கொசுவைக் குறிக்கும் பழஞ்சொல். ஒரே இடத்தில் நின்று ரீங்கரிக்கும் பூச்சியின் பெயரை அப்படியே நின்று பறக்கும் பொறிக்கு வைத்தது அழகான சொல்லாக்கம். போர்க்காலத்தில் அந்த ஒலி கேட்டதும் பதுங்கு குழிக்கு ஓடியவர்களுக்கு அது சொல்லாக்கம் பற்றிய செய்தி அன்று என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. கட்டுரை நெடுகிலும் நம் ஊர் வழக்கப்படி ஹெலிகாப்டர் என்றே எழுதுகிறோம்.

ஹெலிகாப்டரைப் பற்றி நம்மிடையே ஒரு பொதுநம்பிக்கை உண்டு. விமானத்துக்கு இறக்கை இருக்கிறது, எஞ்சின் நின்றாலும் சற்றுத் தூரம் மிதந்து வரும். ஹெலிகாப்டருக்கு அந்த வசதி இல்லை, எஞ்சின் நின்றால் கல்லைப்போல் விழ வேண்டியதுதான் என்பது அந்நம்பிக்கை. இது சரியன்று. எஞ்சின் நின்ற ஹெலிகாப்டரும் மிதந்து இறங்க முடியும். அதற்கு 'ஆட்டோரொட்டேஷன்' என்று பெயர். தமிழில் தற்சுழற்சி எனலாம்.

இதை விளங்கிக்கொள்ள நம் மரம் ஒன்றே போதும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் தணக்கம் ஒன்று. இன்று தணக்கு என்று அழைக்கப்படும் அம்மரத்தின் காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள் உண்டு. காய் முற்றி உதிரும்போது நேரே விழாது. சிறகுகள் காற்றில் சுழல, மெல்லச் சுற்றிச் சுற்றி வந்து சற்று அப்பால் அமரும். தாவரவியலார் அதற்கு இட்ட 'கைரோகார்பஸ்' என்னும் பெயருக்கே சுழலும் கனி என்றுதான் பொருள். அக்காய்க்குள் எஞ்சின் இல்லை. விழுகின்ற விசையால் கீழிருந்து மேலாகப் பாயும் காற்றுதான் சிறகைச் சுழற்றுகிறது. அச்சுழற்சியே விழுதலைத் தணிக்கிறது. எஞ்சின் நின்ற ஹெலிகாப்டரில் நிகழ்வதும் இதுவே. எஞ்சினுக்கும் சுழலிக்கும் இடையிலுள்ள இணைப்பு தானே விடுபட்டுக்கொள்ள, சுழலியின் இறக்கைகள் காற்றின் பாய்ச்சலால் மட்டுமே சுழன்றபடி இருக்க, ஊர்தி இறங்குகிறது.

இவ்வியல்பை முதலில் பயன்கொண்டவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியர்வா. 1919-இல் அவர் வடிவமைத்த மூன்று எஞ்சின் விமானம் ஒன்று வேகம் குறைந்து மேலேற்றும் விசையை இழந்து வீழ்ந்தது. அவ்வாறு வீழாத ஊர்தியைச் செய்தே தீர்வது என்று முனைந்த அவர், தலைக்குமேல் தானே சுழலும் இறக்கைகள் கொண்ட ஆட்டோஜைரோ என்னும் பொறியை 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே பறக்கச் செய்தார். அம்மாதமே நடந்த ஒரு பறப்பில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் எஞ்சின் நின்றுபோக, ஊர்தி சேதமின்றி இறங்கியது. ஹெலிகாப்டர் பயன்பாட்டுக்கு வருமுன்பே அதன் உயிர்காப்பு முறை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. சியர்வாவின் முடிவுதான் நெஞ்சை உறுத்துவது. 1936 டிசம்பரில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில், மூடுபனியில் புறப்பட்ட ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் வீழ்ந்ததில் அவர் மாண்டார். வீழாத ஊர்தியைக் கண்டவருக்கு வீழும் ஊர்தியிலேயே முடிவு வாய்த்தது.

தற்சுழற்சியால் எவ்வளவு உயரத்திலிருந்தும் இறங்கலாம் என்பதற்கு 1972 ஜூன் 21 சான்று. பிரெஞ்சு விமானி ழான் புலே, லாமா என்னும் ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை படைத்தார். உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கி எஞ்சினின் ஆற்றலைக் குறைத்ததும், அந்தக் கடுங்குளிரில் எஞ்சின் அணைந்துவிட்டது. மீண்டும் உயிர்பெறவில்லை. எவரெஸ்டைவிட மூவாயிரம் மீட்டருக்குமேல் கூடுதலான அந்த உயரத்திலிருந்து தரைவரை அவர் எஞ்சின் இன்றியே இறங்கினார், நலமாக இறங்கினார். அந்த லாமாதான் இந்தியாவில் சீட்டா என்னும் பெயரில் பெங்களூரில் கட்டப்பட்டு, இமயத்தின் உச்சிகளுக்கு நம் படைவீரர்களைச் சுமந்து சென்றது.

இவ்வளவு நம்பகமான முறை என்றால் இதைப் பழகுவதில் என்ன ஆபத்து? கடைசி நாற்பது அடியில்தான் ஆபத்து இருக்கிறது.

எஞ்சின் நின்றவுடன் விமானி செய்ய வேண்டியது, இடக்கையிலுள்ள கலெக்டிவ் என்னும் நெம்புகோலை உடனே கீழே இறக்குவது. அதனால் சுழலி இறக்கைகளின் சாய்கோணம் குறைந்து சுழற்சி காக்கப்படும். எடை குறைந்த சுழலி கொண்ட சிறு ஹெலிகாப்டர்களில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஒரு நொடி. அதைத் தவறவிட்டால் சுழலியின் வேகம் தளர்ந்து, ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால், எந்தக் கைத்திறனாலும் அதை மீட்க இயலாது. சரியாகச் செய்துவிட்டாலோ ஊர்தி நிமிடத்துக்கு 1500 அடி அல்லது அதற்கும் மேலான வேகத்தில் இறங்கத் தொடங்கும். 500 அடி உயரத்தில் இருந்தால் தரைக்கு இருபது நொடிகூட இல்லை. ஏறத்தாழ 40 அடியில் மூக்கை உயர்த்தி முன்வேகத்தையும் இறங்குவேகத்தையும் குறைக்க வேண்டும். ஏழெட்டு அடியில் ஊர்தியை மட்டமாக்கி, கலெக்டிவை உயர்த்தி, சுழலியில் எஞ்சியிருக்கும் சுழற்சியைச் செலவழித்து மெத்தென அமர வேண்டும். அந்தச் சேமிப்பை ஒரே ஒரு முறைதான் செலவழிக்கலாம். முன்னதாகச் செலவழித்தால் ஊர்தி உயரத்திலிருந்து தொப்பென்று விழும். தாமதித்தால் தரையில் மோதும். மட்டமாக்காமல் அமர்ந்தால் வால் முதலில் தட்டும். முன்வேகம் மிஞ்சினால் கவிழும்.

பழகும்போது எஞ்சின் உண்மையில் நிற்பதில்லை. பயிற்றுநர் அதன் ஆற்றலைக் குறைத்து, நின்றுவிட்டதாகக் கொள்ளச் செய்கிறார். பெரும்பாலான பயிற்சிகளில் தரையைத் தொடுமுன் மீண்டும் ஆற்றலைக் கூட்டி மேலெழுந்துவிடுவர். சிலவற்றில் தரையைத் தொட்டே பழகுவர். இரண்டிலும் நிலத்துக்கு மிக அருகில், மிகக் குறைந்த அவகாசத்தில், இரண்டு பேரின் கைகள் ஒன்றையொன்று நம்பி இயங்க வேண்டியிருக்கிறது.

இதன் விலையை அத்துறையினர் மறைக்கவில்லை. உலகெங்கும் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் சிறு ஹெலிகாப்டர்களைக் கட்டும் ராபின்சன் நிறுவனமே, மிக அரிதாக நேரும் எஞ்சின் நிறுத்தத்துக்காகப் பழகப் போய் ஆண்டுதோறும் பல ஹெலிகாப்டர்கள் அழிகின்றன என்று ஒரு பாதுகாப்புக் குறிப்பில் விமானிகளை எச்சரித்திருக்கிறது. அமெரிக்காவின் வான் போக்குவரத்து நிர்வாகம் 2013-இல் இப்பயிற்சி ஒன்றுக்காகவே தனியே ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டது. நோயைவிட மருந்து கூடுதலாகக் கொல்கிறதோ என்னும் ஐயம் எழாமல் இருக்குமா?

ஹெலிகாப்டருக்கு மட்டும் உரிய ஐயம் அன்று இது. 1967 மார்ச் 30 பின்னிரவில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் அருகே டெல்டா நிறுவனத்தின் டி.சி-8 ஜெட் விமானம் ஒன்று, ஒரு பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் செயலிழந்ததாகக் கொண்டு தரையிறங்கப் பழகியது. கட்டுப்பாட்டை இழந்து குடியிருப்பின்மீதும் தங்கும் விடுதியின்மீதும் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 6 பேரும் தரையில் இருந்த 13 பேரும் மாண்டனர். தரையில் மாண்டவர்களுள் 9 பேர், விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து பள்ளி இறுதியாண்டுச் சுற்றுலாவாக வந்து அவ்விடுதியில் உறங்கிக்கொண்டிருந்த மாணவியர். பழகியவர் யாரோ, பலியானவர் யாரோ. 2010 மார்ச் 22 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ஒரு பிரேசிலியா விமானம், புறப்பட்ட கணத்தில் ஓர் எஞ்சின் நின்றதாகப் பழகுகையில் வீழ்ந்து இரு விமானிகளும் இறந்தனர். எஞ்சினின் ஆற்றலைக் குறைத்த அளவு மிகையாகிவிட்டதால், அது தேவைக்கு மேல் ஊர்தியைப் பின்னிழுத்தது என்று புலனாய்வில் தெரியவந்தது. பாவனை எல்லை கடந்துபோனது. பெரிய விமானங்களுக்கு இத்தகைய பயிற்சிகள் நாளடைவில் தரையிலுள்ள பாவனைக் கூடங்களுக்கு மாற்றப்பட்டதற்கு இப்படிப்பட்ட இழப்புகள் முக்கியக் காரணம். சிறு ஹெலிகாப்டர் கற்கும் மாணவரோ இன்றும் பெரும்பாலும் வானத்தில்தான் விழப் பழகுகிறார்.

இனி அந்த நெருக்கமான காரணம். நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற இயற்பியல் மாணவன் ஒருவன், ஹெலிகாப்டர் விமானியாவதென்று உறுதிகொண்டு, கடனும் நிலமும் வைத்துப் பணம் திரட்டி, வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். அவன் தாயார் தையற்கடை வைத்து அவனை ஆளாக்கியவர். பயிற்சியின் ஏழாம் மாதத்தில், தற்சுழற்சி பழகிக்கொண்டிருந்தபோது ஊர்தி தரையில் மோதிக் கவிழ்ந்தது. அவனுக்குத் தோளெலும்பு முறிந்தது. பயிற்றுநருக்கு இடுப்பில் பலத்த அடி. உயிருக்கு ஆபத்தில்லை. கட்டுப்போட்ட தோளோடு ஊர் வந்து சேர்ந்தான்.

அவன் வந்த வாரத்தில் அந்த அம்மா கல்லூரிக்கே வந்துவிட்டார். துறையில் மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்த நேரம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், நீங்க சொன்னா கேப்பான். போவாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

என்ன நடந்ததென்று அவன் சொன்னானா என்று கேட்டோம்.

"சொன்னான் சார். எஞ்சினு நல்லாத்தான் ஓடிச்சாம். நல்லா ஓடுறத ஓடலன்னு வச்சிக்கினு எதுக்கு சார் வுழணும்? வுழறதுக்கா பீஸ் கட்டிப் படிக்க வைக்கிறோம்?"

இந்தக் கட்டுரையில் இதுவரை நாம் அடுக்கிய தகவல்கள் அனைத்தும் அந்தக் கேள்விக்குப் பின்னர் நாம் தேடிப் படித்தவையே. அன்று நம்மிடம் விடை இல்லை. அவனை அனுப்பி வையுங்கள், பேசிப் பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னோம்.

இரண்டு நாள் கழித்து அவன் வந்தான். மேசைமேல் இருந்த அடிக்கோலை ஊர்தியாகக் கொண்டு, நல்ல கையால் அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் விளக்கினான். அன்று காலையில் அது ஐந்தாவது முறை. முதல் நான்கும் நன்றாகவே அமைந்தன. ஐந்தாவதில், கீழே வர வர முன்வேகம் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருப்பதை அவன் கவனித்திருக்கிறான்.

"அவரும் பாத்திருப்பாருங்கய்யா. அவர் எதுவும் சொல்லல. அவரே சும்மா இருக்கும்போது நான் என்ன சொல்றதுன்னு இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில வச்சு அவர் சொன்னாரு, நீயே சரிபண்ணிடுவேன்னு நெனச்சேன்னு. ரெண்டு பேருமே பாத்தோம். ரெண்டு பேருமே சொல்லல."

அந்த வாக்கியம் நம்மை வெகுநாள் விடவில்லை. பொறியில் பழுதில்லை, வானிலையில் குற்றமில்லை, இருவருக்கும் அறிவில்லாமலும் இல்லை. ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே நிலவிய ஒரு மௌனம் அன்று தரையில் மோதியிருக்கிறது. மாணவன் மரியாதையால் பேசவில்லை. ஆசிரியர் நம்பிக்கையால் பேசவில்லை. இரண்டும் நற்பண்புகள்தாம். நன்னூல், மாணாக்கன் ஆசிரியனிடம் அஞ்சி ஒழுகவேண்டும் என்கிறது. அதே நூல் அவன் வினவவும் வேண்டும் என்கிறது. நம் வகுப்பறைகளில் முன்னதை நன்றாகவே பயிற்றிவிடுகிறோம். பின்னதற்கு மணி அடித்துவிடுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் வினா எழாமை பெரிதாய் ஒன்றும் செய்துவிடாது. ஒரு செய்யுளின் பொருள் சற்று மங்கலாகப் போகும், அவ்வளவே. நிமிடத்துக்கு 1500 அடி வேகத்தில் இறங்கும் வகுப்பறையில் அது எலும்பை முறிக்கிறது.

மேலே சொன்ன பாதுகாப்புக் குறிப்பைப் பின்னர் படித்தபோது வியப்பாக இருந்தது. அதில் இரண்டு அறிவுரைகள் உள்ளன. ஒன்று, தொடர்ச்சியாக மூன்று நான்கு முறைக்கு மேல் பழக வேண்டாம்; களைப்பு கவனத்தைத் தின்றுவிடும். மற்றொன்று, 100 அடி உயரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அங்கே சுழலியின் வேகம், முன்வேகம், இறங்கும் வேகம் எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே தொடரலாம். ஒன்று தவறினாலும் உடனே ஆற்றலைக் கூட்டி மேலெழுந்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், சரியாகிவிடும் என்பதற்கு அந்த உயரத்துக்குக் கீழே இடமில்லை. உண்மையான எஞ்சின் நிறுத்தத்தில் இந்தச் சலுகை கிடையாது. பயிற்சிக்கு மட்டுமே உரிய சலுகை இது. பாவனையை எங்கே கைவிடுவது என்பதை அறியாத பாவனை, உண்மையைவிடக் கொடியதாகிவிடுகிறது.

அப்படியானால் இப்பயிற்சியையே விட்டுவிட்டால் என்ன? அந்தத் தாயின் கேள்வியும் அதுதான். 2013 நவம்பர் 29 இரவு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காவல்துறை ஹெலிகாப்டர் ஒன்றின் இரு எஞ்சின்களும் அடுத்தடுத்து அணைந்தன. இருள், கீழே நகரம், மிகக் குறைந்த அவகாசம். தற்சுழற்சி நிறைவேறவில்லை. சுழலிகள் சுழலாத நிலையில் ஊர்தி ஒரு மதுவிடுதியின் கூரைமேல் வீழ்ந்து, உள்ளே இருந்த 3 பேரும் விடுதியில் இருந்த 7 பேரும் மாண்டனர். அனுபவமுள்ள விமானிக்கே அந்த நொடிகள் இப்படி என்றால், பழகாத கை என்ன செய்யும்? எஞ்சின் நிற்பது அரிது. நின்றால் யோசிக்க நேரமில்லை. யோசிக்க நேரமில்லாத செயலை முன்னரே உடலுக்குக் கற்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே நேர்ந்த கோர விபத்து மேகமூட்டத்தால் நேர்ந்தது. எஞ்சின் பழுதால் அன்று. எந்தப் பயிற்சியும் எல்லா ஆபத்துக்கும் விடையாவதில்லை என்பதற்கு அதுவும் சான்று. ஆயினும் விடையுள்ள ஆபத்துக்காவது விடை தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

நம் காப்பியத்தில் ஒரு பறக்கும் பயிற்சி உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன், வரவிருக்கும் தீமையை அஞ்சி, கருவுற்றிருக்கும் விசயைக்காக மயில் வடிவான பொறி ஒன்றைச் செய்விக்கிறான். ஒரு பக்கம் திருகினால் எழும், மறுபக்கம் திருகினால் இறங்கும். அரண்மனைச் சோலையில் அவள் அதை இயக்கப் பழகுகிறாள். கட்டியங்காரனின் படை சூழ்ந்த நாளில் அதிலேறித் தப்புகிறாள். ஆனால் பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் அரசன் மாண்டதை உணர்ந்து மயங்கிவிடுகிறாள். பொறி தானே சென்று சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். ஓட்டுபவளின் கை தளர்ந்தபின்னும் பொறியைப் பத்திரமாக இறக்கி வைத்தது திருத்தக்கதேவரின் கருணை. மனிதர் கட்டும் பொறிகளுக்கு அந்தக் கருணை வாய்க்கவில்லை. அங்கே கை தளரக் கூடாது. அதனால்தான் விசயையின் பயிற்சியைவிட நம் மாணவனின் பயிற்சி கொடியதாக இருக்க வேண்டியிருக்கிறது.

அவனிடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அது அவன் முடிவு. ஒன்று மட்டும் சொன்னோம்: போவதானால், முதல் நாளே ஆசிரியரிடம் வாய் திறக்கும் மாணவனாகப் போ. அந்த அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஒரு மாலையில் அவர் கடைக்குப் போய், எஞ்சின் நின்ற ஹெலிகாப்டர் விழுவதில்லை, இறங்குகிறது. அவன் கற்பது விழுவதையன்று, இறங்குவதை என்று நமக்குத் தெரிந்த அளவில் விளக்கினோம். தணக்கங்காயையும் சொன்னோம். தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், இறுதியில் ஒன்று கேட்டார்.

"அப்ப அன்னிக்கு எறங்கினானா சார், வுழுந்தானா?"

நூறடிவரை இறங்கினான் அம்மா, அதற்குப் பிறகு விழுந்தான் என்றோம். உண்மை அதுதான். சொல்லாமல் விட்டிருந்தால் மற்ற எதையும் அவர் நம்பியிருக்க மாட்டார். அவர் தையற்பொறியை மிதிக்கத் தொடங்கினார். நெடுநேரம் கழித்து, "அந்த நூறடியத் தெரிஞ்சிக்கினு போவட்டும்" என்றார்.

எட்டு மாதம் கழித்து அவன் திரும்பிச் சென்றான். புதிய பயிற்றுநரிடம் முதல் நாளே, ஒரு வேளைக்கு எத்தனை முறை பழகுவோம் என்று கேட்டதாகவும், அவர் சிரித்துவிட்டு 'மூன்று' என்றதாகவும் மின்னஞ்சலில் எழுதியிருந்தான். பின்னொரு மடலில், இரண்டாம் வாரத்தில் நூறடியில் தானே 'வேண்டாம்' என்று சொல்லி மேலெழுந்ததை எழுதியிருந்தான். பயிற்றுநர் பாராட்டவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லையாம். சுற்றி வந்து மறுபடியும் தொடங்கினார்களாம். படித்து முடித்தபோது நமக்கு ஏற்பட்ட நிறைவு, அவன் உரிமம் பெற்ற செய்தி வந்தபோதுகூட ஏற்படவில்லை. மற்றவற்றைக் கையும் காலும் கற்றுக்கொள்ளும். ஆசிரியர் அருகிலிருக்கும்போது 'வேண்டாம்' என்று சொல்வதை நாக்கு கற்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தமிழ் வகுப்பு உதவாவிட்டால் வேறெது உதவும்?

அவன் இப்போது வேலையில் இருக்கிறான். தாயார் தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "எறங்கிட்டியா?" என்றுதான் கேட்கிறாராம்.